பத்தேகாலுக்கு வந்த கடல்

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம். கல்லடிப் பாலம் இறங்கி அரைக் கிலோமீற்றர் போனால் கடற்கரைப் பக்கம் திரும்பும் ஓர் ஒழுங்கை உண்டு. அந்த ஒழுங்கையில் ஒரு மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் நடந்த ஒரு காரியத்தால் ஒரு காலையில் கல்லடியில் பாதிப் பேர் பாலத்துக்கு ஓடினார்கள். ஓடியவர்களில் நானும் ஒருவன். நான் ஏன் ஓடினேன் என்பதை என் மனைவிக்குக்கூட இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் கடற்கரை ஆள் இல்லை. ஊர் பழுகாமம். வயல் வட்டைக்குள் வரம்பு கட்டி வளர்ந்தவன். தண்ணீர் முழங்காலுக்கு மேலே போனால் எனக்குப் பயபக்தி வந்துவிடும். சுனாமி வந்த அன்று நான் வயலில் பசளை எறிந்துகொண்டு நின்றேன். சைக்கிளில் வந்த ஒருவன், "கல்லடிக்குள்ள கடல் வந்திட்டு" என்று கத்திக்கொண்டு போனான். "கடல் என்ன பஸ்ஸாடா, வாறதுக்கு?" என்று கேட்டு, வரம்பில் நின்ற அத்தனை பேரையும் சிரிக்கவைத்தேன். பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் உடல்களை இறக்கக் கை கொடுத்தபோது அந்தப் பகிடிதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. அன்றைக்கு முடிவெடுத்தேன், இனிக் கடலைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புவது என்று.

அப்படி நம்புகிறவனுக்குக் கல்லடி பொருத்தமான இடம். அந்தக் காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை, இருக்கிற நகை, ஒரு போத்தல் தண்ணீர். கடல் வருகிறது என்று சத்தம் கேட்டால் ஒரு கையில் பை, மறு கையில் பிள்ளை, நேரே பாலம்; வாவியைத் தாண்டினால் டவுன். பொய்ச் சத்தத்துக்கும் பல தடவை ஓடியிருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடலுக்கு முன்னரே யுத்தம் எங்களை ஓடப் பழக்கியிருந்தது. ஷெல் விழும்போது யார் அடிக்கிறார்கள், எங்கிருந்து அடிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு நின்றவன் மிஞ்சமாட்டான். முதலில் ஓட்டம், பிறகு விசாரணை. என் வாடகை அறையிலும் ஒரு பை தொங்கியது. அதற்குள் என் பட்டச் சான்றிதழும் ஒரு டோர்ச்சும் இருந்தன.

வகுப்புக்கு வருகிறேன். வந்தாறுமூலைக் கம்பஸில் எனக்குப் படிப்பித்த மிஸ் ஒருவர் வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துவிட்டு ஒரு புதுச் சாமானோடு திரும்பியிருந்தார். ஒரு மடிக்கணினி, ஒரு சின்னக் கமரா, ஒரு பெரிய டீவி, ஒரு கட்டு அட்டை. அட்டையில் கறுப்புச் சதுரம் ஒன்று அச்சடித்திருக்கும். அதைக் கமராவின் கண்ணில் படும்படி வைத்தால், டீவியில் நாங்களும் தெரிவோம், எங்கள் மேசையும் தெரியும், மேசையில் கிடக்கும் அட்டையின் மேல் ஒரு யானையும் எழும்பி நிற்கும். அட்டையைத் திருப்பினால் யானையும் திரும்பும். கையை நீட்டித் தடவினால் மேசையில் ஒன்றும் இருக்காது. இதற்கு இப்போது மிகைமெய்ம்மை என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பில் அதன் பெயர் எழும்புற படம்.

இது வேடிக்கை காட்ட அல்ல என்று மிஸ் சொன்னார். ஆங்கிலத்தில் ஒரு பந்தியை வாசிக்க வேண்டும். பிறகு படத்தை எழுப்பிப் பார்க்க வேண்டும். பந்தி சொல்வதும் படம் காட்டுவதும் ஒத்துப்போகிறதா, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று வாதாட வேண்டும். அச்சில் வந்ததற்கெல்லாம் தலையாட்டாமல் வாசிக்கப் பழக்குவதுதான் நோக்கம். அதற்காக மூன்று கேள்விகளைப் பலகையில் அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னார். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு எங்கே பார்க்கலாம்? எனக்குக் கையெழுத்து அழகு. ஆங்கிலத்திலும் தமிழிலும் மூன்று நிறச் சோக்கில் எழுதிவைத்தேன். வகுப்புக்கு வருகிறவர்களெல்லாம் முதலில் அந்தக் கையெழுத்தைத்தான் புகழ்வார்கள். கேள்விகளை நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

படிக்க வந்தவர்கள் பதினான்கு பேர். அதில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் காத்தான்குடியில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்த நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். கட்டாருக்குப் போகக் காத்திருந்தார். கடை வாசலில் நின்று "வாங்க வாங்க" என்று கூப்பிட்டுப் பழகிய குரல். ஒரு வரியை மொழிபெயர்க்கச் சொன்னால் ஒழுங்கை முழுவதுக்கும் கேட்கும்.

மற்றவர் மீன் விற்கிற அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். மணலை, இறால், நண்டு என்று அவர் கூடையில் இருப்பதெல்லாம் ஆற்று மீன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அவர் வீட்டிலிருந்து முந்நூறு எட்டு வைத்தால் கடல். ஆனால் சுனாமிக்குப் பிறகு அவர் கடல் மீனைத் தொட்டதில்லை, கடற்கரை மணலை மிதித்ததில்லை, அந்தப் பக்கம் பார்த்ததுகூட இல்லை. அவருடைய ஒரே மகள் அன்றைக்குப் போனவள். அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், ஊரும் கேட்காது.

எதற்கு ஆங்கிலம் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டேன்.

"சுனாமிக்குப் பிறகு எத்தின பேர் வந்தாங்க சேர், எத்தின கடதாசி நீட்டினாங்க. எல்லாம் இங்கிலீசு. அழுதழுது கையெழுத்து வெச்சன். அதில ஒண்டால என்ட வளவும் போயிட்டு. இனி வாசிக்காம ஒரு புள்ளடியும் போடமாட்டன்."

போன வளவுக்குப் பதிலாக வேறு காணி தருவதாக அவருக்கு இன்னொரு கடிதம் வந்திருந்தது. அதுவும் ஆங்கிலம். அதை அவர் கையெழுத்து வைக்காமல் பையில் மடித்து வைத்திருந்தார். நான் வாசித்துச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். "நீங்களும் இன்னொராள்தானே சேர்" என்றார். தானே வாசிக்க வேண்டுமாம். மூன்று மாதத்தில் அந்தக் கடிதத்தை வாசிக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் சந்தேகப்படுவதில் பிறவித் திறமைசாலி. ஒரு நாள் அட்டையின் மேல் ஒரு மீன் எழும்பி நின்றது. நல்ல புது மீன் என்றது பந்தி. எல்லோரும் ஓம் என்றார்கள். அக்கா மட்டும் எழும்பிப் போய் டீவியோடு முகத்தை வைத்து உற்றுப் பார்த்தார். "செவுளத் திறந்து காட்டச் சொல்லுங்க சேர். செவுள் பாக்காம நான் நல்ல மீனெண்டு சொல்லமாட்டன்." மிஸ் அன்றைக்கு வகுப்பில் இருந்தார். இதைப் படிக்கத்தான் நான் வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார்.

இரண்டு மாதம் போனது. வகுப்புக்குக் காசு தருகிற நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பார்வையிட வருகிறார்கள் என்று மிஸ் அறிவித்தார். அவர்களுக்குப் பிடித்தால் இன்னொரு வருடம். பிடிக்காவிட்டால் அடுத்த நாளே டீவியும் கமராவும் பெட்டிக்குள். அக்காவின் கடிதம் பாதியில் நிற்கும், என் வேலையும் போகும். "உள்ளூர் விசயமா ஒரு பந்தி நீங்களே எழுதுங்க" என்றார் மிஸ். சும்மா கிடந்தவனை இப்படி உசுப்பேற்றிவிட்டால் என்ன நடக்கும்? வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

நான் எழுதிய பந்தியின் தமிழ் இதுதான். "இன்று காலை பத்தேகால் மணிக்குக் கல்லடிக் கடல் இருநூறு மீற்றர் உள்வாங்கியது. மூன்று அலைகள் வரும் என்றும் மூன்றாவது அலையே பெரியது என்றும் நிபுணர்கள் கூறுகின்றனர். மக்கள் பாலத்தை நோக்கி ஓடுகின்றனர்."

இதில் பொறி எங்கே என்று பார்த்தீர்களா? இருநூறு மீற்றர் என்று யார் அளந்தார்கள்? நிபுணர்கள் என்றால் எந்த நிபுணர்கள்? பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அந்த 'நிபுணர்கள்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு நான் தனியே இருந்து சிரித்தேன். என்னிடம் படிப்பவர்கள் இந்தப் பொறியில் விழுகிறார்களா பார்ப்போம் என்று எனக்குள் ஒரு கெத்து. அட்டைக் கட்டுக்குள் கப்பல் பாடத்துக்கென்று பெரிய அலை ஒன்று இருந்தது. பந்திக்கு அதையே படமாக வைத்தேன்.

அந்த நாளும் வந்தது. வகுப்பு ஒன்பதரைக்கு. வருகிறவர்கள் பத்தரைக்கு. டீவியை உள்சுவரோரம் வைத்து, அதன் தலையில் கமராவை வைத்தேன். எதிரே ஒழுங்கையைப் பார்த்த ஜன்னல். வெளிச்சம் நன்றாக விழட்டும் என்று அலை அட்டையை ஜன்னல் கட்டின் மேல் நிமிர்த்தி வைத்தேன். எல்லோரும் இரண்டு பக்கமும் வாங்குகளில் இருந்தார்கள். அப்போது டீவியில் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஜன்னல், வெளியே எங்கள் ஒழுங்கை, எதிர்வீட்டுக் கிடுகுவேலி, தென்னை மரம், இவ்வளவுக்கும் முன்னால் ஒரு பக்கம் கூரை உயரத்துக்கும் மறுபக்கம் வேலி உயரத்துக்கும் பச்சை நிற அலை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. வருகிறவர்கள் அசந்துபோவார்கள் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குச் சற்று முன்னர் எனக்குப் பதற்றத்தில் வாய் உலர்ந்தது. பந்தியைச் சத்தமாக மொழிபெயர்த்துப் பழகும்படியும் சாமான்களுக்குப் பொறுப்பாக நிற்கும்படியும் நானாவிடம் சொல்லிவிட்டு, பிரதான வீதியில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். நான் போன பிறகு நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நானா எழும்பி நின்று, கடை வாசல் குரலில், "இன்று காலை பத்தேகால் மணிக்குக் கல்லடிக் கடல் இருநூறு மீற்றர் உள்வாங்கியது" என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஒழுங்கையில் ரொட்டி விற்கிற பாண்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பாண் பெட்டி, முன்னால் ஒரு பெரிய ஹோர்ன். கடல் என்ற சொல் காதில் விழ, நிறுத்தி ஜன்னலால் எட்டிப் பார்த்தார். நேரே டீவி. டீவியில் எங்கள் ஒழுங்கை. ஒழுங்கையில் அவருடைய மோட்டார் சைக்கிள், பாண் பெட்டி, அவர். அவருடைய கழுத்துவரை தண்ணீர்.

குனிந்து தன் காலைப் பார்த்திருந்தால் காய்ந்த மணல் தெரிந்திருக்கும். ஆனால் டீவி ஒன்றைக் காட்டும்போது காலை யார் பார்க்கிறார்கள்? நானா மூன்றாவது அலையையும் நிபுணர்களையும் சொல்லி முடிக்கும் வரை மனிதர் நின்று கேட்டிருக்கிறார். பிறகு ஹோர்னை அமத்தியவர் கையை எடுக்கவே இல்லை.

நானா ஜன்னலுக்குப் பாய்ந்து, "இல்ல இல்ல, இது பாடம்! கடலில்ல!" என்று கத்தினார். அந்தக் குரலில் ஊருக்குக் கேட்டது 'கடல்' மட்டும்தான். இரண்டு நிமிடத்தில் வெளியே அழுகையும் ஓட்டமும். இப்போது வகுப்பிலிருந்தவர்களுக்கே குழப்பம். பாடத்தில் இருந்த கடலுக்கு இவ்வளவு பேர் ஓடுவார்களா? உண்மையாகவே கடலும் வந்துவிட்டதா? பன்னிரண்டு பேர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள்.

நான் தேத்தண்ணிக் கடையில் முதல் வாய் குடித்திருப்பேன். ஹோர்ன் சத்தம் வந்தது, அதற்குப் பின்னால் பாண்காரர் வந்தார். "கடல் வந்திட்டு! டீவியில காட்டுறாங்க! நான் கழுத்துமட்டும் தண்ணிக்குள்ள நிக்கிறன்!"

அவர் மோட்டார் சைக்கிளில், நனையாத சேர்ட்டோடு, அறுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டே இதைச் சொன்னார். அப்படியானால் கழுத்துவரை தண்ணீரில் நிற்பது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கடைக்கார அண்ணன் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன்.

எனக்குப் பக்கத்தில் பென்சன் எடுத்த போஸ்ட்மாஸ்டர் ஐயா ஓடினார். ஒரு கையில் பை, மறு கக்கத்தில் ஒரு சேவல்.

"ஐயா, உண்மையா?" என்றேன்.

"உண்மையாவோ? பத்தேகாலுக்குக் கடல் இருநூறு மீற்றர் உள்ள போயிட்டாம். அளந்திரிக்காங்க!"

அளந்தே இருக்கிறார்கள் என்றதும் என் கால்களுக்கு இன்னும் வேகம் வந்தது.

"நிபுணர்மார் சொல்லியிரிக்காங்களாம், மூண்டாவதுதான் பெரிசாம்."

நிபுணர்களே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாக்கியம் எங்கேயோ கேட்டது போல ஒரு கணம் இருந்தது. எங்கேயோ கேட்டது என்பதையும் அது உண்மை என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். வகுப்பில் விட்டுவந்த பதினான்கு பேரையும் ஒரு தரம் நினைத்தேன். நினைத்துக்கொண்டே ஓடினேன்.

அப்போது இருந்தது பழைய இரும்புப் பாலம். ஒரு வாகனம்தான் போகலாம். அதற்குள் கல்லடி முழுவதும் நுழையப் பார்த்தது. சைக்கிள் கரியரில் ஒரு கிழவர், சோற்றுப் பானையோடு ஒரு மனுசி, சவர்க்கார நுரையோடு குளிப்பில் பாதியில் வந்த ஒருவர். பாலத்து வாசலில் ஓர் அம்மா கால் தடுக்கி விழுந்தார். நாலு பேர் அவரைத் தாண்டிப் போன பிறகு ஐந்தாவது ஆள்தான் நின்று தூக்கினார். அந்த நாலு பேரில் நான் ஒருவன். இந்த ஓட்டத்தில் நான் சிரித்துச் சொல்லாத இடம் இது ஒன்றுதான்.

பாலத்தின் நடுவில் ஒரு வான் மாட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் மிஸ்ஸும் பார்வையிட வந்த இரண்டு பேரும். மிஸ் கண்ணாடியை இறக்கினார்.

"சேர், என்ன நடக்குது?"

"கடல் வருது மிஸ்! வானைப் பின்னுக்கு எடுங்க! பத்தேகாலுக்கு இருநூறு மீற்றர் உள்வாங்கிட்டு!"

மிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப பத்தும் பத்தும்தானே சேர்."

பத்து மணி பத்து நிமிடம். பத்தேகாலுக்கு நடந்த ஒன்றுக்காக நாங்கள் எல்லோரும் பத்துக்கே ஓடத் தொடங்கியிருந்தோம். என் கால் நின்றது. இருநூறு மீற்றர், மூன்றாவது அலை, நிபுணர்கள், பாலம். ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் வரிசையாக நின்றன, என் கையெழுத்தில். என்னுடைய கையில் ஏதோ சுட்டது. குனிந்து பார்த்தேன். தேத்தண்ணிக் கடைக் கிளாஸ். அரைக் கிலோமீற்றர் ஓடியும் அதில் பாதித் தேத்தண்ணி மிச்சம் இருந்தது.

அப்போதுதான் கல்லடிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. காலையில் ஒழுங்கை ஒழுங்கையாக மீன் கூவும் அதே குரல்.

"கடல் கிடந்த இடத்திலதான் கிடக்கு! நான் பாத்திட்டு வாறன்! கண்ணால பாத்திட்டு வாறன்!"

அக்கா நடு வீதியில் நடந்து வந்தார். ஓடவில்லை. அவர் கடந்து வந்த இடமெல்லாம் ஓட்டம் நின்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அந்தக் கூட்டம் நின்றிருக்காது. அக்கா கடல் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார் என்பது கல்லடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவரே பார்த்துவிட்டு வந்து சொல்கிறார் என்றால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார்கள். "அக்கா பாத்தவவாம். அக்காவே போய்ப் பாத்தவவாம்." பாலம் மெல்ல மெல்ல மூச்சு விட்டது.

மூச்சு வந்தவுடன் கூட்டத்துக்குக் கோபமும் வந்தது. பாண்காரரின் சேர்ட்டை நாலைந்து பேர் பிடித்துவிட்டார்கள். "பொய் சொல்லி ஊரக் கிளப்பினயா?" அவர் பாவம், "டீவியில கண்டனான், சத்தியமா நான் தண்ணிக்குள்ள நிண்டனான்" என்று அழுதார். அதைக் கேட்டு அவர்களுக்கு இன்னும் கோபம் ஏறியது.

நான் பேசாமல் வானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். ஒளிய இடமும் பார்த்தேன். ஆனால் அக்கா கூட்டத்துக்குள்ளால் வந்து எனக்கு நேரே நின்றுவிட்டார். பலகையில் எழுதியதை வாசிக்கும்போது பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்தார். முதலாவது கேள்வி எனக்குக் கேட்டது. யார் சொன்னது?

கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அவர விடுங்க! அது நான் எழுதின பாடம்! கடல், மீற்றர், நிபுணர் எல்லாம் நான்தான்!" என்று கத்தினேன். இன்றைக்கு நல்ல அடி விழப்போகிறது என்று முடிவெடுத்துக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. போஸ்ட்மாஸ்டர் ஐயா சேவலைக் கக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்.

"அப்ப நீங்க ஏன் சேர் ஓடினீங்க?"

கண்ணைத் திறந்தேன். முதலில் சிரித்தது பாண்காரர். பிறகு சவர்க்கார நுரை ஆள். பிறகு பாலம் முழுவதும். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள், அதுவும் எனக்குத் தெரிந்தது. தேத்தண்ணிக் கடை அண்ணன் வந்து, "கிளாசத் தாங்க சேர், மிச்சத்தக் குடிச்சிட்டு" என்றார். குடித்துவிட்டுக் கொடுத்தேன். பாண்காரர் பெட்டியைத் திறந்தார். அன்றைக்கு ஒரு பாண்கூட மிஞ்சவில்லை.

விழுந்த அம்மாவின் வீட்டுக்குப் பின்னேரம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முழங்காலில் மருந்து கட்டியிருந்தார். "நீங்களா சேர் தாண்டிப் போன? நான் செருப்பத்தான் கண்டன், முகத்தக் காணல்ல" என்றார். கதிரை எடுத்துப் போட்டார். அந்தக் கதிரையில் என்னால் சரியாக இருக்க முடியவில்லை.

பார்வையிட வந்தவர்கள் அன்றைக்கு வகுப்புக்கும் வந்தார்கள். மண்டபத்தில் நானா டீவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியே நின்றார். "சாமானுக்கு நான்தான் பொறுப்பெண்டு சொல்லிட்டுப் போனீங்கதானே சேர்." ஜன்னலால் எட்டிப் பார்த்த நாங்களும் டீவியில் கழுத்துவரை தண்ணீரில் நின்றோம். என் வேலை போய்விட்டது என்று தீர்மானித்து, அட்டைகளைக் கட்டத் தொடங்கினேன். வந்தவர்களில் ஒருவர் அக்காவிடம் ஆங்கிலத்தில், நீங்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். அக்கா பலகையைப் பார்த்தார். சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார்.

"ஐ நொட் பிலீவ். ஐ கோ. ஐ சீ."

கேட்டவர் அதைத் தன் புத்தகத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். வகுப்பு இன்னொரு வருடம் நடந்தது. அலை அட்டையை மட்டும் மிஸ் தன்னோடு எடுத்துப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "பந்தி நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சேர், எழுதின ஆளே நம்புற அளவுக்கு" என்றார்.

எல்லோரும் போன பிறகு அக்கா வாங்குகளை அடுக்க நின்றார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சுனாமியன்று கடல் உள்ளே போனதைப் பார்க்கப் போனவர்கள்தானே முதலில் அள்ளுப்பட்டுப் போனார்கள். எப்படித் துணிந்தீர்கள் என்றேன்.

"கீழ நிண்டு பாக்க எனக்கென்ன விசரா சேர்? கரையில அந்த ரெண்டு மாடிக் கட்டிடம் அரைவாசியில நிக்குதே, அதில ஏறி நிண்டுதான் பாத்தன். வந்தாலும் நான் மேலதானே." வாங்கைத் தூக்கி வைத்தார். அடுத்த வாங்குக்குக் குனியும்போதுதான் மற்றதைச் சொன்னார். "ஓடத் தெரியும் சேர் எனக்கு. அண்டைக்குப் புள்ளயிர கையப் புடிச்சிட்டு ஓடினன். கை எப்ப நழுவினதெண்டு தெரியா. திரும்பிப் பாக்கல்ல. இண்டைக்கு எண்டாலும் பாத்திட்டு ஓடுவம் எண்டு நினைச்சன்."

வாங்கின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மூன்று மாதம் என்று நான் கொடுத்த வாக்கு நாலரை மாதமாகியது. அக்கா அந்தக் கடிதத்தைத் தானே வாசித்தார், ஒரு வரியின் கீழே கோடு போட்டுக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனார், "இத ஆர் சொன்ன?" என்று கேட்டார். பழைய வளவில் இனி உரிமை கோரமாட்டேன் என்பது அந்த வரி. அதை வெட்டிய பிறகுதான் கையெழுத்து வைத்தார். அடுத்த கிழமை அவர் கூடையில் முதன்முறையாகக் கடல் மீன் கிடந்தது. செவுளைத் திறந்து பார்த்துத்தான் நானும் வாங்கினேன்.

இப்போது அலையும் நிபுணர்களும் தொலைபேசிக்குள்ளேயே வந்துவிடுகிறார்கள், நாளுக்குப் பத்துத் தடவை. அனுப்புகிறவர்களைப் பார்த்து என்னால் சிரிக்க முடிவதில்லை, நானே எழுதிய கடலுக்கு நானே ஓடியவன் அல்லவா. வாசித்தவுடன் நெஞ்சு இன்னும் பாலத்துக்குத்தான் ஓடுகிறது. அப்போதெல்லாம் அக்காவை நினைத்துக்கொண்டு, முதலில் குனிந்து என் காலடி மணல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன்.